சாரல் விழுந்தால் ஸ்தல விசாரணை

சமூக நீதி எங்கள் அலுவலகத்துக்குக் குற்றாலத்தில் தண்ணீர் விழுந்த பிறகுதான் வரும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஐந்து வருஷம் அங்கே தட்டச்சராகக் குப்பை கொட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன். தென்காசியைச் சுற்றியிருந்த ஏழை எளியவர்களுக்கு அரசாங்கம் செய்ய நினைத்த நல்லதையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே செய்து முடிப்பதற்காக ஏற்பட்ட அலுவலகம் அது. வீட்டுமனைப் பட்டா, தையல் மெஷின், கறவை மாடு, சாதிச் சான்று என்று எதுவாக இருந்தாலும் எங்கள் மேஜைகளைத் தாண்டித்தான் ஜனங்களிடம் போக வேண்டும். மேஜைகள் நிறைய இருந்தன.

எங்கள் அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். லஞ்சம் வாங்க மாட்டார். இதை அவரே தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். ஏழைகள் என்றால் அவருக்கு உருக்கம் அதிகம். குடியரசு தினத்தன்று பேசும்போது குரல் கம்மிவிடும். அவருக்கு இருந்த ஒரே பலவீனம் அருவிக் குளியல்.

மலையடிவாரத்து ஜனங்கள் கொடுக்கும் மனுக்களில் முடிவெடுக்க அதிகாரி நேரில் போய் விசாரிக்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஸ்தல விசாரணை என்று பெயர். விதியில் மாதம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தலைமை எழுத்தர், குற்றாலத்துப் பக்கம் போக வேண்டிய மனு எது வந்தாலும் அதன் மூலையில் பென்சிலால் ‘சா’ என்று ஒரு எழுத்துப் போட்டு பீரோவின் மேல் தூக்கி வைத்துவிடுவார். ‘சா’ என்றால் சாரல். ஜனவரியில் கொடுத்த மனுவும் மார்ச்சில் கொடுத்த மனுவும் அங்கே ஒன்றாகப் படுத்துக்கிடக்கும். ஜூன் மாதம் மலையில் மேகம் இறங்கி, அருவியில் தண்ணீர் விழுந்து, சீசன் நன்றாக இருக்கிறது என்று தகவல் வந்ததும் அதிகாரி மனைவி, மாமியார், மைத்துனி சகிதமாக விசாரணைக்குக் கிளம்புவார். காலையில் ஐந்தருவி, மாலையில் பெரிய அருவி, நடுவில் நீதி.

இதைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் வரும் வரைக்கும்.

அவள் ஏப்ரல் மாதம் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்த கையோடு வந்தாள். மலையில் தேன் எடுத்தும் கிழங்கு தோண்டியும் பிழைக்கிற பளியர் குடியில் பிறந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து தென்காசியில் அரசாங்க ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அவர்கள் குடியிருப்பில் பிளஸ் டூ வரைக்கும் போன முதல் ஆள் அவள்தான். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பழங்குடியினருக்கென்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஜூலை கடைசித் தேதிக்குள் சாதிச் சான்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இடம் நிச்சயம். இல்லாவிட்டால் அந்த இடத்தைக் காலி என்று விட்டுவிடுவார்கள்.

தலைமை எழுத்தர் மனுவை வாங்கினார். பென்சிலை எடுத்தார். ‘சா’ போட்டார்.

அந்த வருஷம் பார்த்து மழை ஏமாற்றியது. ஜூன் பிறந்தும் வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தப் பெண் வாரம் ஒருமுறை வந்து என் ஜன்னல் பக்கம் நிற்பாள். மனு என்ன ஆயிற்று என்று முதல் இரண்டு வாரம் கேட்டாள். எங்கள் பியூன் அண்ணாச்சி அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து கேள்வி மாறிவிட்டது.

“யக்கா, தண்ணி விழுந்துட்டாக்கா?”

“நீ அங்கனதானே இருக்கே? உனக்குத் தெரியாதா?”

“ஒழுகுதுக்கா. சாருக்கு அது போதுமான்னு தெரியல.”

போதவில்லை. அதிகாரி தினமும் காலையில் குற்றாலம் விருந்தினர் விடுதி வாட்ச்மேனுக்குப் போன் போட்டு அருவி நிலவரம் கேட்பார். கேட்டுவிட்டு, வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி ரிசீவரை வைப்பார். நாட்டில் ஏற்றத்தாழ்வை ஒழிக்கும் பெரிய காரியம் பாறையில் தண்ணீர் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய, பக்கத்து மேஜையில் இருந்தவர்களிடம் முணுமுணுத்துவிட்டு அடுத்த கடிதத்தைத் தட்டச்சு செய்தேன்.

ஜூலை மூன்றாம் வாரம் ஒருவழியாகச் சாரல் பிடித்தது. மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது அதிகாரி முகாம் கிளம்பினார். முகாம் என்றால் என்னையும் தட்டச்சு மெஷினையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மெஷினுக்குச் சாரல் படாமல் இருக்க ஒரு துண்டு போர்த்தினார்கள். எனக்கு அதுவும் இல்லை.

விசாரணை விடுதி வராந்தாவில் நடந்தது. அதிகாரி குளித்துவிட்டு, தலை காயாமல், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பக்கத்தில் மங்குஸ்தான் உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதிகாரி முன்னால் போகிறோமே என்று இருப்பதில் நல்ல பாவாடை தாவணியை உடுத்தி, தலையை வழித்து வாரிப் பின்னி, காலில் செருப்புப் போட்டு வந்திருந்தாள். ஹாஸ்டலில் ஏழு வருஷம் அரசாங்கச் செலவில் கற்றுக்கொடுத்தது அதைத்தான். அவள் அப்பாவுக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு வேட்டியும் தோளில் ஒரு துண்டும் தவிர வேறு எதுவும் இல்லை.

அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ பளியரா?”

“ஆமா சார்.”

“தேன் எடுக்கத் தெரியுமா?”

“எங்க அப்பாவுக்குத் தெரியும் சார். நான் ஹாஸ்டல்ல படிச்சிக்கிட்டிருந்தேன்.”

“மரம் ஏறுவியா?”

“இல்ல சார்.”

“உங்க பாஷையிலே ரெண்டு வார்த்தை பேசிக் காட்டு.”

“நாங்க பேசுததும் தமிழ்தான் சார்.”

அதிகாரி மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பெரிய பிடி கிடைத்துவிட்டதுபோல் முன்னால் சாய்ந்தார். “காட்டிலே என்ன கிழங்கு தோண்டுவீங்க? அதாவது தெரியுமா?”

“வள்ளிக்கிழங்கு சார்,” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். படித்த பிள்ளை, பரீட்சையில் உபரியாக எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று பழகியவள். “தாவரவியல்ல அதுக்கு டயாஸ்கோரியான்னு பேரு சார்,” என்றும் சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் கதை முடிந்தது. அதிகாரியின் முகம் மாறிவிட்டது. மலைச்சாதிப் பெண்ணுக்கு இங்கிலீஷ் பெயர் தெரியுமா? தெரிந்தால் அவள் மலைச்சாதியா? மனைவி வேறு, வாயில் மங்குஸ்தானோடு, “நம்ம பொண்ணை விட நல்லா டிரெஸ் பண்ணியிருக்காளேங்க,” என்று எடுத்துக் கொடுத்தார். பள்ளிக்கூடச் சான்றில் சாதி தெளிவாக எழுதியிருக்கிறது என்று நான் மெதுவாகச் சொன்னேன். “வாத்தியார்கள் என்ன வேணா எழுதுவாங்க. நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும். ஒரு போலிக்குக் குடுத்துட்டா ஒரு உண்மையான ஏழை வயித்துல அடிச்ச மாதிரி,” என்றார் அதிகாரி. குரல் கொஞ்சம் கம்மியது.

அவள் அப்பாவுக்கு நிலைமை புரிந்துவிட்டது. கும்பிட்டுக்கொண்டே முன்னால் வந்தார்.

“அய்யா, அவளுக்குத் தெரியாதுய்யா. சின்னதுலயே கொண்டு விட்டுட்டேன். நான் ஏறுதேன். பாத்துக்கிடுங்க.”

விடுதி முற்றத்தில் பெரிய நாவல் மரம் ஒன்று நின்றது. சாரலில் நனைந்து பட்டையெல்லாம் வழுவழுவென்று இருந்தது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு அவர் ஏறத் தொடங்கினார். “எப்பா, வேண்டாம்ப்பா. எறங்கு,” என்று அந்தப் பெண் கத்தினாள். அவர் காதில் வாங்கவில்லை. சரசரவென்று மேலே போனார். மாமியாரும் மைத்துனியும் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். உச்சிக்குப் போனவர் சும்மா இறங்கக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கொப்பை உலுக்கிப் பழத்தை உதிர்த்தார். மைத்துனி துண்டை விரித்துப் பிடித்தாள். “அந்தப் பக்கக் கொப்புல இன்னும் கறுப்பா இருக்கு பாருங்க,” என்று அதிகாரியின் மனைவி கையை நீட்டினார். அவர் அந்தப் பக்கத்துக்கும் போனார். மகள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நான் மெஷினில் தாளைச் சொருகுவதும் எடுப்பதுமாக இருந்தேன்.

இறங்கி வந்தபோது அவருக்கு முழங்கையில் சிராய்த்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதிகாரி எழுந்து நின்றே விட்டார்.

“இவர் அசல். துளிக்கூட சந்தேகம் இல்லை. இவருக்கு இப்பவே சர்ட்டிபிகேட் டைப் பண்ணும்மா.”

“எனக்கு எதுக்குய்யா?” என்றார் அவர். “நான் எந்தப் பள்ளிக்கூடத்துல போய்ச் சேரப் போறேன்? மவளுக்குக் குடுங்கய்யா.”

“உங்களுக்கு உரிமை இருக்கு, வாங்கிக்குங்க. பொண்ணு விஷயம் வேற. அதுகிட்ட உங்க பழக்கவழக்கம் எதுவுமே இல்லையே?”

நான் சொல்வதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அப்பா பழங்குடி, மகள் பழங்குடி இல்லை என்று ஒரே மெஷினில், ஒரே மத்தியானத்தில், நான்தான் இரண்டையும் தட்டினேன். ‘மனுதாரர் காலில் செருப்பு அணிந்திருந்தார். திருத்தமாகப் பேசினார். மரம் ஏறத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’ அதிகாரி சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை.

எனக்கு அந்த வேலை கிடைத்ததும் ஒரு சாதிச் சான்றால்தான். நாங்கள் பரம்பரையாக நெசவாளர்கள் என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் தறியைக் கடைசியாகத் தொட்டவர் என் தாத்தாவுக்கு அப்பா. என் அப்பா ரயில்வேயில் இருந்தார். அவர் ஒரு நாள் காலையில் தெரிந்தவர் ஒருவரோடு காப்பி சாப்பிடப் போய், சான்றோடு திரும்பி வந்தார். தறியில் உட்கார்ந்து ஒரு முழம் நெய்து காட்டு என்று என்னை யாரும் கேட்கவில்லை. நான் செருப்புப் போட்டிருந்தேனா என்றும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் அதோடு விடவில்லை. மறுநாள் காலையிலேயே விடுதி வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் சான்றைக் காட்டிப் பார்க்கலாம் என்று முந்தின நாள் சாயங்காலமே பயிற்சிப் பள்ளிக்கு ஓடிப்போய்க் கேட்டிருக்கிறாள். மாணவி பேரில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் அதிகாரி சாயங்காலம் அருவிக்குக் கிளம்பும் முன்னால் கையெழுத்துப் போடுவார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எண்ணெய் தேய்த்த உடம்போடு, நின்றபடியே போடுவார். நான் அட்டையைப் பிடித்துத் தாளைப் புரட்ட வேண்டும். எண்ணெய் சொட்டிவிடப் போகிறதே என்பதில்தான் அவர் கவனமெல்லாம் இருக்கும். தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். நாற்பது தாளானாலும் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும்.

நான் அவள் பெயரில் ஒரு சான்றைத் தட்டச்சு செய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் செய்தேன். பியூன் அண்ணாச்சி பார்த்துவிட்டார். கதவுப் பக்கம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“நடுவுல வச்சிரும்மா. அவரு கண்டாரா? ஆபீஸ் முத்திரைய நான் குத்துதேன். புள்ளை இந்தா வாசல்ல இருக்கு.”

“தெரிஞ்சா?”

“தெரிஞ்சா என்ன? அந்தப் புள்ளை பளியர்தானம்மா. பொய்யா எழுதியிருக்கே?”

பொய் இல்லை. அன்றைக்கு நான் தட்டிய நாற்பது தாள்களில் சந்தேகமில்லாத உண்மை அது ஒன்றுதான். என் வேலை அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை. நிராகரித்த உத்தரவின் நகல் கோப்பில் இருக்கிறது, என்றைக்காவது ஒருத்தர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் தொலைந்தேன் என்று தோன்றியது. அதிகாரி துண்டோடு வந்தார். நான் அட்டையைப் பிடித்தேன். தாளைப் புரட்டினேன். அவர் போட்டுக்கொண்டே போனார். அந்தச் சான்று மெஷினுக்கு அடியில் கிடந்தது.

அவர் அருவிக்குப் போன பிறகு அதை நாலாகக் கிழித்தேன். அண்ணாச்சி வாசலுக்குப் போய், “வீட்டுக்குப் போம்மா, ஆவாது,” என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தார். அதிகாரியை இவ்வளவு நேரம் ஏசினேனே, நான் மட்டும் என்ன? அவராவது தான் செய்தது சரி என்று நம்பினார். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

அந்த வருஷம் பயிற்சிப் பள்ளியில் பழங்குடியினருக்கான இடம் காலியாகவே கிடந்தது. தகுதியான விண்ணப்பதாரர் எவரும் வரவில்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. மலைமக்களிடம் படிப்பில் ஆர்வம் ஏற்படுத்த விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துமாறு மேலிடத்திலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது. நடத்தினோம். குற்றாலத்தில்தான்.

மறு வருஷம் மலையடிவாரப் பள்ளிக்கூடங்களில் சத்துணவு சமைக்க உதவியாளர் போட்டார்கள். பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். பழங்குடிப் பெண்கள் என்ற தலைப்புக்குக் கீழே அவள் பெயர் இருந்தது. சான்று இணைக்கப்பட்டிருக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கரண்டி பிடிப்பதற்கு ஸ்தல விசாரணை கிடையாது. ஆனால் படித்த பெண்ணைப் போட்டால் இன்றைக்கிருந்து நாளைக்குப் போய்விடுவாள், படிக்காதவளாகப் பாருங்கள் என்று பஞ்சாயத்தில் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள் என்று அண்ணாச்சி சொன்னார்.

சீசன் வந்தது. அதிகாரி சத்துணவு மையங்களைப் பார்வையிடக் கிளம்பினார். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கும் போனோம். இரண்டு வகுப்பு, ஒரே வாத்தியார். அவரும் அன்றைக்கு லீவு. அவள் சமையல் கொட்டகையில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். வெறுங்கால். எண்ணெய் காணாத தலையை அள்ளி முடிந்திருந்தாள். நைந்த சேலை. பிள்ளைகள் அவளை ஆயா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு வயது பத்தொன்பது.

அதிகாரிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

“ஏம்மா, நீ பளியரா?”

“ஆமாங்கய்யா.” தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“மரம் ஏறுவியா?”

“ஏறுவேங்கய்யா.”

“என்ன படிச்சிருக்கே?”

“எங்களுக்குப் படிப்பு ஏதுங்கய்யா? காட்டுல தேனெடுத்துக்கிட்டுக் கெடந்தவங்க.”

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, “பார்த்தியாம்மா? இவங்களுக்குப் போய்ச் சேரணும்னுதான் நாம இவ்வளவு பாடுபடறோம். எழுதிக்கோ,” என்றார். படிவத்தில் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் இருந்தது. நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எழுதிவிடாதே என்று பயந்து பார்த்தாளா, இப்போதாவது எழுது பார்க்கலாம் என்று பார்த்தாளா, எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று எழுதினேன்.

அதிகாரி ஜீப்பைப் பார்த்து நடந்தார். ஐந்தருவியில் கூட்டம் சேருவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்பது அவர் அவசரம். நான் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்தாள்.

“இந்தத் தடவை எல்லாம் சரியாச் சொல்லிட்டேம்லாக்கா?” என்று கேட்டாள்.

ஜீப்பில் ஹாரன் அடித்தார்கள். நான் போய் ஏறிக்கொண்டேன்.